நஸீமா வீட்டு ஏசியும் என் வீட்டு அஞ்சலினும்

கோவில்பட்டியில் ஏசி பார்க்க ஒரு பெண்பிள்ளை வருவாள், அவள் பின்னாலேயே ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் வருவான் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த ஏணிக்காரன் நான்தான். பெயர் அருள்மணி. சொந்தமாக ஒரு குட்டி யானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, ஓட்டிப் பிழைக்கிறேன். அந்தப் பெண்பிள்ளை என் மனைவி அஞ்சலின். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் பெரிய கோபக்காரி. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் படிக்கிறவர்கள் என்னைத்தான் குறை சொல்வார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் ஏசி விற்கிற ஒரு கடையில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். புகார் சொல்கிறவர்களின் பெயரையும் தெருவையும் குறித்துக்கொள்வதுதான் வேலை. எங்கள் ஊரில் ஏசி குளிரவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம், “கேஸ் போயிட்டு.” ரிமோட்டில் ஃபேன் மட்டும் ஓடும்படி அழுத்தி வைத்திருப்பார்கள், ஆனால் கேஸ் போயிட்டு. ஃபில்டரில் கரிசல் புழுதி கம்பளி விரித்த மாதிரி படிந்திருக்கும், அப்போதும் கேஸ் போயிட்டு. ஒரு வீட்டில் சுவிட்சே போடாமல் கேஸ் போயிட்டு என்று சொன்னதாக இவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். சும்மா குறித்துக்கொண்டு போனை வைக்க இவளுக்கு மனம் வராது. அதை அழுத்துங்க, இதைக் கழற்றுங்க என்று போனிலேயே பாதி வீட்டு ஏசியைச் சரிசெய்துவிடுவாள். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, “எல்லாத்தையும் நீ போன்லயே சரி பண்ணிட்டா நம்ம மெக்கானிக்கு என்ன செய்யுதது, கோலி வெளையாடவா?” என்றார். அன்றைக்கே கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு திருநெல்வேலியில் ஒரு பயிற்சி, ஸ்பானர் செட், தண்ணீர் பீய்ச்சுகிற பம்பு, ஏணி, ஏணி தூக்க நான்.

ஆரம்பத்தில் போகிற வீட்டிலெல்லாம் அவளைத் தாண்டி என்னைத்தான் பார்ப்பார்கள். “வாங்க அண்ணாச்சி, இந்த ரூம்லதான்” என்பார்கள். எனக்கு ஏணி பிடிக்க மட்டும்தான் தெரியும் என்று நான் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். இவள் மேலே ஏறி மூடியைக் கழற்றிய பிறகுதான் நம்புவார்கள். ஆனால் ஒன்று, ஏசி இருப்பது படுக்கையறையில். மத்தியானம் வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது அங்கே யாரோ ஓர் ஆண்பிள்ளையை விடுவதைவிட அஞ்சலினை விடுவது அவர்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதியாலேயே தெருத்தெருவாக ஆள் சேர்ந்தது. திட்டு வாங்கிக்கொண்டே திரும்பவும் கூப்பிடுவார்கள்.

திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பஞ்சு ஒட்டியிருக்கும். மிளகாய் வற்றல் குடோன் பக்கத்து வீடு என்றால் எனக்கு ஏணியடியிலேயே தும்மல் வரும்.

“இத எப்ப கழுவுனிய?”

“நேத்துதாம்மா கழுவுனோம்.”

“எந்த நேத்து? போன எலெக்சனுக்கு முந்துன நேத்தா?”

இப்படிக் கேட்டால் எவருக்குத்தான் கோபம் வராது? வரும். ஆனால் அதற்குள் இவள் ஃபில்டரைக் குழாயடியில் காட்டித் தேய்க்க ஆரம்பித்திருப்பாள். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டிருப்பார்.

இவளுக்குக் கோபத்துக்கு அடுத்தபடி பெருமை தலைமுடி. இடுப்புக்குக் கீழே தொங்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீரோ உப்பு. அதில் தலை குளித்தால் சோப்பும் நுரைக்காது, சிக்கும் விடாது. நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் சமையலுக்குப் பிடித்து வைப்பதற்கே பாத்திரம் போதாது. அதனால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். அது மழைத்தண்ணீர் மாதிரி மெதுவாக இருக்கும், முடி பட்டாக நிற்கும் என்பாள். எந்த வீட்டில் ஏசி மாட்டினாலும், “குழாயச் சும்மா தரையில விடாதிய, ஒரு கேனுக்குள்ள விடுங்க, செடிக்காவது ஆவும்” என்று சொல்லாமல் இறங்கமாட்டாள். கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் தரையில் ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியும், அது எனக்கும்தான்.

இனி நஸீமா. பள்ளிக்கூடத்தில் அஞ்சலினுடன் ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் கணவர் பிச்சை முகம்மது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் பானு. குளத்தூரில் கட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை, பானு மாமியாருடன் குளத்தூரில் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவளுக்குப் போன சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது.

மகளையும் பேத்தியையும் நாற்பது நாள் தன் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், நஸீமாவுக்கு அது ஒன்றுதான் ஆசை. ஆனால் சம்பந்தியம்மா ஆரம்பத்திலிருந்தே, “கோவில்பட்டி அனலு பச்சப்பிள்ளைக்கு ஆவாது, எங்க வீட்ல ஏசி இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாயை அடைக்கத்தான் நஸீமா புது ஏசி வாங்கினாள். மாட்டியது அஞ்சலின்.

“ஏட்டி, இது ஒழுங்கா ஓடுமா? என் மானமே இதுலதான் இருக்கு” என்று நஸீமா கேட்டாள்.

“ஓடலன்னா என் பேர மாத்திக்கிடுதேன்” என்றாள் என் மனைவி. பேச்சில் என்றைக்கும் குறைவைக்கமாட்டாள். இறங்கும்போது வழக்கம்போலக் கேனையும் சொன்னாள். கடையிலிருந்து வந்த இருபது லிட்டர் கேன் ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருந்தது. “நல்லா அடிவரைக்கும் விட்டுருட்டி, இல்லன்னா காத்துக்கு வெளிய வந்துரும்” என்று அவளே குழாயைக் கேனுக்குள் இறக்கி, கொசு போகாமல் வாயில் துணியும் சுற்றிவிட்டாள்.

இரண்டாம் நாள் ஏசி ஒழுகியது. குளிர் வருகிற பக்கத்திலிருந்து சுவரோரமாகத் தண்ணீர் இறங்கிக் கட்டிலில் சொட்டியது. போன் வந்ததும் ஓடினோம். அஞ்சலின் மேலே ஏறி மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற தட்டில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். பின்பக்கம் போய்ப் பார்த்தேன், குழாய் வழியாக அழகாகக் கொட்டியது. “வழியெல்லாம் சுத்தமா இருக்கு. புதுசுல்லா, ரெண்டு நாள்ல பழகிரும்” என்றாள். ஏசி என்ன மாட்டுக்கன்றா பழகுவதற்கு என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. கிளம்பும்போது நஸீமா வாசலில் நிறைந்த கேனை வைத்திருந்தாள். “ஒன் முடிக்குத்தாண்டி, கொண்டுபோ” என்றாள். நான் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எங்களிடம் இருந்த காலிக் கேனைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும் ஒழுகியது. போனோம். நாங்கள் இருக்கிறவரை ஒரு சொட்டு விழவில்லை. பல்வலிக்காரன் டாக்டர் வாசலில் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதை. அஞ்சலின் சரிவு பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் அசைத்தாள். கடைசியில் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “கரிசல் மண்ணு வீடு, கோடையில தரை வெடிச்சுச் சுவரு சரிஞ்சிருக்கும். ஏசி மேல தப்பில்ல” என்றாள்.

வந்தது வினை. புது வீடு கட்டிய எந்தப் பெண்ணிடமும் சுவர் சரிந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. “என் வீட்டச் சொல்லுதியா? ஆறடி தோண்டி மணலு போட்டுக் கட்டுன வீடு! ஒனக்கு வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு” என்றாள் நஸீமா. இருவரும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள். பானு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அஞ்சலின் ஏசியைச் சுவரிலிருந்து இறக்கி, சரிவு பார்த்து, திரும்ப மாட்டினாள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் நஸீமா கேனை வாசலில் வைக்கத் தவறவில்லை. அஞ்சலினும் எடுத்துக்கொள்ளத் தவறவில்லை. “கேனு நெறையுது பாத்தியளா? அப்ப குழாயில அடைப்பு இல்லன்னுதான அர்த்தம்?” என்று வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்கக் குளத்தூரிலிருந்து வந்தார். கட்டிலில் உட்கார்ந்து குழந்தையைக் கையில் வாங்கியதும் மேலிருந்து ஒரு சொட்டு நேராகக் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. குழந்தை வீரிட்டது. 

“ஞாயித்துக்கெழம காரோட வாரேன். அன்னைக்கும் இது ஒழுகுச்சுன்னா தாயயும் பிள்ளையயும் ஏத்திட்டுப் போயிருவேன். எங்க வீட்டு ஏசி ஒழுகாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நஸீமா போனில் அழுதாள். அஞ்சலின் சனிக்கிழமை காலையில் போய் ஏசியின் உள்ளுறுப்பை எல்லாம் வெளியே எடுத்து, பம்பால் பீய்ச்சிக் கழுவி, குழாயையே புதிதாக மாற்றினாள். வியர்வையில் குளித்துவிட்டாள். முடித்து, செம்புச் செம்பாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலமே போன் வந்தது. ஆரம்பித்துவிட்டது, சொட்டுகிறது.

“நீ வர வேண்டாம். நாளைக்கு வேற ஆளக் கூப்பிட்டுப் பாக்குதேன். எனக்கு என் பிள்ளதான் முக்கியம்” என்று சொல்லி நஸீமா வைத்துவிட்டாள். அஞ்சலின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் வாயடைத்து இருந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் பாவமாகவும் இருந்தது.

ஞாயிறு காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தோம். அஞ்சலின் வண்டியில் ஏறினாள். “நஸீமா வீட்டுக்கு விடுங்க” என்றாள்.

“வர வேண்டாம்னு சொல்லிட்டாளேட்டி.”

“அவ சொன்னா நான் கேட்டுருதேனா? விடுங்க.”

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்கு நாங்கள் ஏசி பார்க்கப் போனது அன்றைக்குத்தான். வாசலில் கார் நின்றது. பானுவின் துணிப்பை கட்டித் தயாராக நடையில் இருந்தது, பக்கத்தில் மடித்த தொட்டில். நஸீமாவின் முகம் வீங்கியிருந்தது. வரச் சொன்ன வேறு ஆள், ஞாயிற்றுக்கிழமை என்று வராமலே இருந்துவிட்டாராம். அறைக்குள் கட்டிலின் மேல் ஒரு பேசினை வைத்திருந்தார்கள். அதில் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

 அது ஒழுகுவதை அஞ்சலின் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏணி கேட்கவில்லை, ஸ்பானர் கேட்கவில்லை. கோயிலுக்குக் கட்டிய சேலையோடு விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். நானும் போனேன், நஸீமாவும் வந்தாள்.

பின்பக்கம் சுவரோரம் கேன் இருந்தது, முக்கால்வாசி நிறைந்து. குழாய் அதன் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. கழுத்தில் துணி இறுகச் சுற்றியிருந்தது.

“ஏட்டி, நான் வரும்போதெல்லாம் இந்தக் கேன் இங்கன இருக்காதே?” என்றாள் அஞ்சலின்.

“நீ போன்ல வாரேன்னு சொன்ன ஒடனே எடுத்து வாசல்ல வச்சிருவேன்லா. ஒனக்குக் கொடுத்து விடணுமே, மறந்துட்டா?”

அஞ்சலின் குனிந்து துணியை அவிழ்த்துக் குழாயை வெளியே உருவினாள். குழாய் களக் களக்கென்று இரண்டு தடவை இருமியது. பிறகு தண்ணீர் மளமளவென்று அவள் காலில் கொட்டியது. உள்ளேயிருந்து பானு, “ம்மா, நின்னுட்டு!” என்று கத்தினாள்.

எண்ணெய்ப் புட்டியில் புனலை இறுக்கி வைத்து ஊற்றிப் பாருங்கள், எண்ணெய் இறங்காமல் முழித்துக்கொண்டு நிற்கும். புனலை லேசாகத் தூக்கினால் காற்று வெளியே வந்து கடகடவென்று இறங்கும். அதே சங்கதிதான். குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கிவிட்டால் உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழி இல்லை. காற்று நகராமல் மேலேயிருந்து வருகிற தண்ணீருக்கும் வழி இல்லை, அது தட்டிலேயே தேங்கி வீட்டுக்குள் வழியும். நாங்கள் வரும்போதெல்லாம் நஸீமா கேனை எடுத்துக் குழாயைச் சும்மா தொங்கவிட்டிருப்பாள், நோய் மறைந்துவிடும். நாங்கள் போனதும் நாங்கள் கொடுத்த காலிக் கேனில் திரும்பவும் அடிவரைக்கும் இறக்குவாள், நோய் வந்துவிடும். அஞ்சலின் மேல் வைத்த பிரியத்தில்தான் நஸீமாவின் ஏசி ஒழுகியது. அந்தத் தண்ணீரைச் சுமந்து வண்டியில் ஏற்றியவன் நான்.

“அடிவரைக்கும் விடுன்னு நான்தாண்டி சொன்னேன். என் கையாலதான் விட்டேன். அதுக்கு ஒன் சுவரப் போய்ப் பேசிட்டேன்” என்றாள் அஞ்சலின். அவள் குரல் உடைந்ததை நான் அப்போதுதான் கேட்டேன்.

“ஒனக்கு முடி கொட்டுதுன்னியே, அதான் ஒரு சொட்டுக்கூட விடாமச் சேத்தேன்” என்று நஸீமா சொன்னாள். சொல்லிவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். இருவரும் அந்தச் சேற்றில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் கேனை நகர்த்துகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இப்போது சம்பந்தியம்மா முன்னால் நிரூபித்தாக வேண்டும். அஞ்சலின் உள்ளே வந்து, “அக்கா, தப்பு ஏசி மேலயும் இல்ல, நஸீமா மேலயும் இல்ல, என் மேலதான். இப்ப சரியாயிட்டு. நீங்களே கீழ உக்காந்து பாருங்க” என்றாள். பேசினை எடுத்துவிட்டு, சம்பந்தியம்மாவைச் சரியாக அந்தச் சொட்டு விழுகிற இடத்தில் உட்கார வைத்தாள். அவர் மடியில் குழந்தை. ஏசி ஓடியது. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு சொட்டு விழவில்லை. அஞ்சலின் ஸ்டூலில் ஏறிச் செம்பால் தண்ணீர் ஊற்றினாள். எல்லாம் பின்பக்கம் போயிற்று. அறை குளிர்ந்து குழந்தை தூங்கிவிட்டது.

“ஒழுகல” என்றார் சம்பந்தியம்மா. அவர் முகம் வாடிவிட்டது. கையிலிருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதுதான் நாகரிகம். ஆனால் நான் யாரைக் கட்டியிருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“என்னக்கா, ஒழுகலன்னு வருத்தப்படுத மாதிரில்லா இருக்கு?” என்றாள் அஞ்சலின்.

எனக்கு ஏணியோடு ஓடிவிடலாமா என்று இருந்தது.  சம்பந்தியம்மா குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“வருத்தந்தாம்மா. எங்க வீட்ல ஏசி இருக்கு, எல்லாம் இருக்கு. மவன் சென்னையில கெடக்கான். பானுவும் இங்கன வந்ததுலருந்து நான் ஒத்தையில சோறு பொங்கி ஒத்தையில திங்கேன். பேத்தியப் பாக்கணும்னா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிட்டுல்லா வரவேண்டியிருக்கு. ஒழுகுனதுல எனக்கு ஒரு காரணம் கெடச்சுச்சு.”

அனல், ஒழுகல் என்று அவர் சொன்னதெல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. நஸீமா வெள்ளிக்கிழமையிலிருந்தே சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள். இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மதினி, பேத்தியோட இருக்கணும்னா தூக்கிட்டுத்தான் போவணுமா? இங்கன இருக்கக்கூடாதா?”

“சம்பந்தி வீட்ல வந்து தங்குனா நாலு பேரு என்ன சொல்லுவாவ?”

கட்டிலோரம் நின்ற பானு, “அந்த நாலு பேரையும் இந்த ரூமுக்குள்ள கூட்டிட்டு வாங்க மாமி. வெளிய இருக்க வெயிலுக்கு அவியளும் எந்திரிச்சுப் போவமாட்டாவ” என்றாள். சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை விழித்துக்கொள்ளப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு குழந்தையை நஸீமாவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். கார் டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, நடையில் கிடந்த பானுவின் பையைத் தூக்கப் போனார்.

“அத வச்சிரு. நீ மட்டும் போயி, என் மாத்திர டப்பாவயும் நாலு சேலயயும் எடுத்துட்டு வா.”

“எத்தன நாளைக்கும்மா?”

“நாப்பது கழிஞ்சு பிள்ள வரும்போது நானும் வாரேன்” என்றார்.

நஸீமா என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி பதிலுக்கு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தரையில் கிடந்த தொட்டிலை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். கார் காலியாகக் குளத்தூருக்குப் போயிற்று.